ரெண்டு பேப்பர்லயும் ஒரே கேட்டு

ஏனுங்க, அந்தப் பையைக் கொஞ்சம் அந்தப் பக்கமாத் திருப்பி வெச்சுக்குவீங்களா? பஸ்ல இடமெல்லாம் பத்துதுங்க, அதுக்குச் சொல்லல. மேல துருத்திக்கிட்டு இருக்குது பாருங்க, பதினொண்ணாவது இயற்பியல் பொஸ்தகம், அதைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருதுங்க. கோவிச்சுக்காதீங்க. உங்க புள்ளைக்கா? அக்கா புள்ளைக்கு வாங்கிட்டுப் போறீங்களா? செரிங்க, கொண்டுபோய்க் குடுங்க. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. அந்தப் புள்ளையை யாரு ஊட்டுக்கும் படிக்க உடச்சொல்லாதீங்க. ஒட்டுக்காப் படிக்கறோம்னு எவளாவது வந்தாலும் வாசல்லயே நிறுத்தித் தாட்டி உட்டுரோணும். பட்டவ சொல்றேன்.

எம் புள்ளை நிவேதிகா. ஒண்ணே ஒண்ணு. பத்தாவதுல எங்க தாராபுரத்துல அவ படிச்ச பள்ளிக்கூடத்துலயே அவதான் மொதல்ல வந்தா. படம் போட்டுப் பேனர் வெச்சாங்க. நான் அந்தப் பேனருக்குக் கீழ நின்னு போட்டோ எடுத்துக்கிட்டேன். எடுக்க மாட்டனா பின்ன? பெத்தது நானுங்க. அதே பேனர்ல ஓரத்துல சின்னதா இன்னொரு படம், எங்கூட்டுக்காரரோட அண்ணன், அதான் எம் மூத்தாரு, அவரு மக இந்துஜா. மூணாவதா வந்தாளோ நாலாவதா வந்தாளோ. எம் மூத்தாரு காரை நிறுத்தி நிறுத்தி அதைப் பாத்துட்டுப் போவாரு. என்னத்தைப் பாக்கறதுக்கு இருக்குது? எம் புள்ளை தலைக்குக் கீழதானே இருக்குது அவங்க புள்ளை தலை.

எங்க ஊடும் அவங்க ஊடும் ஒரே காம்பவுண்டுங்க. மாமனாரு போனதுக்கு அப்புறம் பாகம் பிரிச்சாங்க. மூத்தவருக்குக் கெழக்குப் பாத்த ஊடு, எங்களுக்கு வடக்குப் பாத்தது. நான் ஒரு வார்த்தை சொல்லல. ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, கோகிலவாணி ஒரு வார்த்தை சொன்னாளான்னு. பேச்சுவார்த்தைய நிறுத்திக்கிட்டேன், அவ்வளவுதான். காம்பவுண்டுக்கு ஒரே கேட்டு. அவங்களுக்குக் காரு இருக்குதாம், அதனால கேட்டுத் தொறந்தே கெடக்கோணுமாம். தொறந்து கெடந்தா ஆடு உள்ள பூந்து எஞ் செம்பருத்தியைப் பூராம் மேஞ்சுபோட்டுப் போவுது. நான் போய்ச் சாத்துவேன். ரேணுகா, மூத்தாரு சம்சாரம், என்ற ஓரகத்தி, வந்து தொறப்பா. நான் மறுபடி போய்ச் சாத்துவேன். ஒருநா அவ வெளிய நின்னு தள்றா, நான் உள்ள நின்னு தள்றேன்.  தெருவே நின்னு பாக்குது. நான் உடுவனா? இதை எதுக்குச் சொல்றேன்னா, அவங்க எப்படிப்பட்ட ஆளுகன்னு உங்களுக்குத் தெரியோணும்.

புள்ளைக பதினொண்ணாவது போன வருசந்தானுங்க பாடத்திட்டத்தை மாத்திப்போட்டாங்க. எம் புள்ளைதான் மொத பேட்சு. பொஸ்தகம் வந்து சேந்ததே லேட்டு. ஒவ்வொண்ணும் அம்மிக்கல்லாட்டம் இருக்குது. பழைய கேள்வித்தாள் கெடையாது, கைடு இன்னும் அச்சாகலைன்னு கடைக்காரன் கையை விரிக்கறான். இந்தக் கேள்வி வரும், இந்தக் கேள்வி வராதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு இல்ல. எந்த மூலையில இருந்து வேணும்னாலும் கேப்பாங்களாம். சொந்தமா யோசிச்சு எழுதோணுமாம். புள்ளைக பொஸ்தகத்தை விரிச்சு வெச்சுக்கிட்டு, கண்ணைக் கட்டிக் காட்டுல உட்டாப்புல முழிக்குது.

நான் நேரா பள்ளிக்கூடத்துக்கே போயிட்டேன். இயற்பியலுக்குப் பிரமிளான்னு ஒரு டீச்சர். சின்னப் பொண்ணு. "எப்படிம்மா நடத்தப் போறீங்க?"ன்னு கேட்டேன். அது என்ன சொல்லுச்சு தெரியுங்களா? "எனக்கும் இது புதுசுதாங்கம்மா. நானும் படிச்சுப் படிச்சுத்தான் நடத்தறேன். புள்ளைங்களும் நானும் சேந்து கத்துக்குவோம்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுது. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "நீங்க படிக்கறதுக்கா உங்களுக்குச் சம்பளம்?"னு கேட்டுப்போட்டேன். ஸ்டாப் ரூம்ல அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. பாக்கட்டும். அந்தப் பொண்ணு மொகம் செவந்து போச்சு, பொஸ்தகத்தைத் தூக்கிக்கிட்டு வகுப்புக்குப் போயிருச்சு. உண்மையைச் சொன்னா எங்க நிக்க முடியும்?

அப்புறம் குழந்தைவேல் மாஸ்டர்கிட்ட ட்யூசன்ல சேத்தேன். பழைய பாடத்துல அவரு புலி. வராத கேள்வியை எல்லாம் பென்சில்ல அடிச்சுக் குடுத்துருவாரு, மிச்சத்தைப் படிச்சாப் போதும். புதுப் பொஸ்தகத்தையும் அப்படியே அடிச்சுக் குடுத்தாரு. பாதிப் பொஸ்தகம் போயிருச்சு. எனக்குப் பெரிய நிம்மதி. சாயங்காலமானா நிவேதிகாவை முன்னால உக்கார வெச்சு, பொஸ்தகத்தை நான் கையில வெச்சுக்குவேன். அவ ஒப்பிக்கோணும். ஒரு வார்த்தை மாறினாலும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்லுவேன். "அம்மா, அதே அர்த்தந்தாம்மா. சொந்தமா எழுதினாத்தான் இப்ப மார்க்கு"ங்கறா. "பொஸ்தகம் எழுதினவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சா? ஆரம்பத்துல இருந்து சொல்லு"ன்னேன். எங்கூட்டுக்காரரு மாட்டுத்தீவனக் கடை வெச்சிருக்கறாரு, கடையில இருந்து வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள, "இப்ப உள்ள வராதீங்க, புள்ளை ஒப்பிக்குது"ம்பேன். பாவம், அவரு வாசப்படியிலயே உக்காந்துக்குவாரு. டி.வி. மேல ஒரு போர்வையைப் போட்டு மூடி வெச்சேன். எத்தனை பேரு இப்படிப் பண்ணுவாங்க, சொல்லுங்க?

மொதப் பரிச்சை வந்துச்சு. மாஸ்டர் அடிச்சு வெச்சிருந்தாரு பாருங்க, அங்கிருந்தேதான் பூராக் கேள்வியும். பேனர்ல படம் போட்ட புள்ளை பெயிலு.  மாஸ்டரைக் கேட்டா, "இவங்களுக்குக் கேள்வி எடுக்கத் தெரியலைங்க"ங்கறாரு. அவரு சொல்றதும் நியாயந்தானுங்களே.

ஆனா பாருங்க, காலாண்டுல எம் புள்ளை மார்க்கு ஏறிக்கிச்சு. நல்லாவே ஏறிக்கிச்சு. நான் பண்ணாத வேண்டுதல் இல்லைங்க. வியாழக்கெழமையானா தட்சிணாமூர்த்திக்குக் கொண்டக்கடலை மாலை, தெனமும் பாதாம்பருப்பை ஊற வெச்சுத் தோலுரிச்சு வாயில ஊட்டி உடுவேன். அதெல்லாம் வேலை செஞ்சுதுங்க. புள்ளை மொகத்துலயே ஒரு தெளிச்சி. தனக்குத் தானே சிரிச்சுக்குவா. சோறு போட்டா, செவுத்தைப் பாத்துக்கிட்டே நின்னு, "இந்தப் பல்லி மாதிரி நாம ஏன் செவுத்துல ஒட்டறதில்லன்னு தெரியுமாம்மா?"ன்னு கேப்பா. "பேசாமத் தின்னு"ம்பேன். ஒரே ஒரு கொறை, ட்யூசன்ல இருந்து வந்தா எதுவுமே திங்க மாட்டா. பணியாரம் சுட்டு வெச்சாத் தொட மாட்டா, வயிறு நெறைஞ்சிருக்குதும்பா. படிப்புல பசி மறந்துபோச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சு நான் பெருமைப்பட்டுக்கிட்டேன்.

டிக்கெட்டுங்களா? நான் எடுத்துட்டேன் கண்டக்டர், குண்டடத்துலயே எடுத்தாச்சு. மறுபடி மறுபடி கேட்டா? செரி, எங்க உட்டேன்?

அரையாண்டு முடிஞ்சு பெத்தவங்க கூட்டம் போட்டாங்க. நான் முன்னால உக்காந்திருக்கறேன். ரேணுகா நாலு வரிசை தள்ளிப் பின்னால. அந்தப் பிரமிளா டீச்சர் எந்திரிச்சு, புதுப் பாடத்தை எப்படி எழுதோணும்னு காட்டறதுக்கு ஒரு பதிலைப் படிக்கறேன்னு சொல்லுச்சு. கேள்வி என்னன்னா, ஒருத்தரு பாடுபட்டும் வேலையே நடக்காம போறதுக்கு அன்னாட வாழ்க்கையில இருந்து ஒரு உதாரணம் எழுது. இயற்பியல்ல வேலைன்னா, நகத்தினாத்தான் வேலையாம். நகராட்டி வேலை சுழியாம்.

அது படிச்சது எனக்கு அப்படியே மனசுல இருக்குதுங்க. "ஒரு வாசல் கேட்டை உள்ளே நின்று ஒருவரும் வெளியே நின்று ஒருவரும் சம விசையுடன் தள்ளுகிறார்கள். இருவருக்கும் வியர்க்கிறது. இருவரும் களைத்துப் போகிறார்கள். கேட் நகரவில்லை. இடப்பெயர்ச்சி இல்லாததால் செய்யப்பட்ட வேலை சுழி. எத்தனை வருடங்கள் தள்ளினாலும் சுழியே."

மண்டபமே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். என்னமோ நல்லாத்தான் எழுதியிருக்குதுன்னு. டீச்சர் சொல்லுச்சு, "இது பொஸ்தகத்துல இல்லாத உதாரணம். ரெண்டு பேரு இதையே எழுதியிருக்காங்க. நிவேதிகா, இந்துஜா."

எனக்குச் சுரீர்னு ஏறிச்சு. திரும்பிப் பாத்தேன், ரேணுகா மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கறா. எல்லாரும் சிரிக்கறாங்க, அவ மட்டும் சிரிக்கல. முந்தானையில மொகத்தைத் தொடைக்கறா. திருட்டு முழின்னா என்னன்னு அன்னிக்குத்தான் பாத்தேன். பொஸ்தகத்துல இல்லாதது ரெண்டு பேரு மண்டைக்குள்ள ஒரே மாதிரி எப்படிங்க வரும்? எந்திரிச்சேன். "காப்பி அடிச்சிருக்கறா"ன்னேன். "எம் புள்ளை பேப்பரைப் பாத்து அவ எழுதியிருக்கறா. விசாரிங்க"ன்னேன். டீச்சர், "இல்லைங்கம்மா, ரெண்டு பேரும் வேற வேற ரூம்ல எழுதினாங்க"ன்னுச்சு. வேற ரூம்னா என்னங்க, பாத்ரூம் போற வழியில குடுத்து வாங்க முடியாதா?

எதுக்குங்க சிரிக்கறீங்க? கேட்டு உதாரணத்துக்கா? ஆமா, நல்ல உதாரணந்தான். எங்க பாத்து எழுதினாளோ எம் புள்ளை, கெட்டிக்காரிங்க அவ.

மறுநா எச்.எம். அம்மா ரூம்ல விசாரணை. நானு, ரேணுகா, அந்த டீச்சர், ரெண்டு புள்ளைக. எச்.எம். அம்மா இந்துஜாவைக் கேட்டாங்க, "நீ எங்கிருந்து இதை எழுதுன?" அவ வாயைத் தொறக்கல. நிவேதிகாவை ஒரு பார்வை பாத்தா, தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "சொல்லு, உன்ற சொந்த யோசனையா?" பேச்சில்ல. "யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?" அதுக்கும் இல்ல. அழறா, ஆனா ஒரு வார்த்தை வரல. நாஞ் சொன்னேன், "பாத்துக்குங்க. தப்புப் பண்ணாதவளா இருந்தா இந்நேரம் கத்தியிருக்க மாட்டாளா?"

அப்பத்தான் எம் புள்ளை முன்னால வந்தா.

"மேடம், அவ எனக்காகத்தான் சொல்லாம நிக்கறா. நான் ட்யூசனுக்கே போறதில்லைங்க. மொதப் பரிச்சை முடிஞ்சதுல இருந்து பெரியம்மா ஊட்டுக்குத்தான் போறேன். எனக்கு ஒண்ணுமே புரியல மேடம், இந்துதான் ஒவ்வொண்ணா உக்காந்து புரிய வெச்சா. கணக்கு வந்தா நான் அவளுக்குப் போட்டுக் காட்டுவேன். கேட்டு உதாரணம் ரெண்டு பேரும் சேந்து யோசிச்சதுங்க. ஜன்னல்ல இருந்து பாத்தா..."

பாத்தா என்னன்னு சொல்லி முடிக்கல. நான் அறைஞ்சுபோட்டேன். எச்.எம். ரூம்லயேதான். எத்தனை நாளா? கையில கொண்டக்கடலை மாலை வெச்சுக்கிட்டு நான் கோயில்ல நிக்கறேன், இவ செவுத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து இந்துஜா ஆத்தா சுடற போண்டாவைத் தின்னுக்கிட்டு இருக்கறா. அதான் பணியாரம் எறங்கல! மாசமானா பீஸை வாங்கிக்கிட்ட மாஸ்டராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ரேணுகா எந்திரிச்சு வந்து எம் புள்ளையை இழுத்துப் பின்னால நிறுத்திக்கிட்டா. எம் புள்ளையை. என்கிட்ட இருந்து. அந்தத் தைரியத்தை என்னன்னு சொல்லறது?

காப்பி இல்லைன்னு எச்.எம். அம்மா முடிச்சு வெச்சுட்டாங்க. நான் உடல. "இதை இப்படியே மூடினீங்கன்னா நான் பெரிய ஆபீசுக்கு மனுப் போடுவேன்"னேன். மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு இந்துஜாவை அனுப்பறதா இருந்தாங்க. பிரச்சினை எதுக்குன்னு அவ பேரை எடுத்துட்டு, நிவேதிகா பேரைப் போட்டாங்க. நியாயம் ஜெயிச்சுதுன்னு நெனச்சு ஊட்டுக்கு வந்து பாயாசம் வெச்சேன். இந்தப் புள்ளை போகவே மாட்டேன்னுட்டா. கடைசில பள்ளிக்கூடத்துல இருந்து யாருமே போகல. பாயாசத்தையும் தொடல. எங்கூட்டுக்காரரு ரெண்டு டம்ளர் குடிச்சாரு, நான் மொறைச்சதுக்கு.

அதுக்கப்புறம் நான் சும்மா இருப்பனா? ட்யூசனுக்கு நானே கூட்டிட்டுப் போவேன். மாஸ்டர் ஊட்டு வாசல்ல வெயில்ல உக்காந்திருப்பேன், முடிஞ்சதும் நானே கூட்டிட்டு வருவேன். அவங்க ஊட்டுப் பக்கம் இருக்கற ஜன்னலை ஆணி அடிச்சு மூடிட்டேன். அது முச்சூடும் நான் புள்ளைக்காகப் பண்ணினதுங்க, எனக்கா அதுல சுகம்?

ஒருநா சாயங்காலம் ரேணுகா கேட்டுகிட்ட வந்து நிக்கறா. பேசி வருசக்கணக்கா ஆச்சு. "கோகிலா"ங்கறா. நான் செடிக்குத் தண்ணி ஊத்தற மாதிரியே நின்னேன். "பரிச்சை முடியற வரைக்கும் மட்டும் புள்ளைகளை ஒட்டுக்கா உடு. ரெண்டுக்கும் தனியாப் படிக்க வரமாட்டேங்குது. என்ற மேல இருக்கற கோவத்தை என்கிட்டயே காட்டிக்க. கேட்டை நீயே சாத்திக்க, நாங்க காரை ரோட்டுலயே நிறுத்திக்கறோம். உன்ற கால்ல வேணும்னாலும் உழறேன்"னா. கண்ணெல்லாம் தண்ணி.

எத்தனை தந்திரம் பாருங்க! அவ புள்ளைக்குக் கணக்கு வராது. எம் புள்ளை இல்லாட்டி அவ பெயிலாயிருவான்னு பயம். அதுக்குத்தான் அழுகை. நான் போயி ஒரு பூட்டு வாங்கிட்டு வந்து, ஆளு நொழையற அளவுக்கு மட்டும் சந்து உட்டுக் கேட்டுல போட்டேன். காரு உள்ள வரோணும்னா என்னைக் கூப்பிடட்டும். மூத்தாரு கூப்பிடவே இல்ல, ரோட்டுலயே நிறுத்திக்கிட்டாரு. அவங்க கெட்ட எண்ணத்துக்குக் காரு வெயில்ல நின்னு பெயிண்டு உரிஞ்சு போச்சு.

நிவேதிகா பேசறதை நிறுத்திக்கிட்டா. சண்டையெல்லாம் இல்லைங்க. கேட்டா, ம். சாப்பிடுன்னா, ம். ஒப்பிக்கச் சொன்னா ஒரு வார்த்தை மாறாம ஒப்பிப்பா, மெசினாட்டம். எனக்கு அப்ப அதுவே திருப்தியா இருந்துச்சு, பொஸ்தகத்துல இருக்கற மாதிரியே வருதேன்னு.

பொதுப் பரிச்சை. இயற்பியல் அன்னிக்கு நான் பள்ளிக்கூட வாசல்லயே நின்னேன். மணி அடிச்சுது, புள்ளைக வெளிய வருது. எல்லாத்துக்கும் மொகம் பேயறைஞ்ச மாதிரி. கேள்வி பூரா பாடத்துக்கு உள்ளார இருந்துதானாம், யோசிச்சு எழுதறதாம். எம் புள்ளை அழுதுக்கிட்டே வந்தா. நான் கையை நீட்டறேன். என்னைத் தாண்டிப் போறா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ரேணுகா நிக்கறா, அவகிட்டப் போயி அவ தோள்ல சாஞ்சுக்கிட்டு ஏங்கி ஏங்கி அழறா. இந்துஜாவும் வந்து கட்டிக்கிட்டா. மூணு பேரும் ஒரு கூட்டா நின்னு அழறாங்க. நான் தண்ணிப் பாட்டிலை வெச்சுக்கிட்டு இந்தப் பக்கம் நிக்கறேன். பெத்தவளுங்க நான். போற வர்ற பெத்தவங்கெல்லாம் என்னைப் பாத்துக்கிட்டே போறாங்க.

ரிசல்ட்டு வந்துச்சு. எம் புள்ளை பாஸு, அவ்வளவுதான். வாயைத் தொறந்து சொல்லற மார்க்கு இல்ல. இந்துஜாவுக்குக் கணக்குல போச்சு, அப்புறம் மறுபடி எழுதித்தான் பாஸானா, ஆனா இயற்பியல்ல பள்ளிக்கூடத்துலயே அவதான் எச்சு மார்க்கு.  எம் புள்ளையோட மூளையை முன்னாலயே உறிஞ்சு எடுத்து வெச்சுக்கிட்டா, அதான் அவளுக்கு மார்க்கு.

எங்கூட்டுக்காரரு அதிகம் பேச மாட்டாரு. அன்னிக்கு சோத்துக் கையோட உக்காந்துக்கிட்டுக் கேக்கறாரு, "ஏங் கோகிலா, உனக்கு நம்ம புள்ளை ஜெயிக்கறது முக்கியமா, அண்ணன் புள்ளை தோக்கறது முக்கியமா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"ன்னேன்.

அவரு எந்திரிச்சுக் கையைக் கழுவிட்டாரு. 

பன்னெண்டாவதுல நான் ஒண்ணும் பண்ண முடியலைங்க. குழந்தைவேல் மாஸ்டர் ட்யூசனையே உட்டுட்டு ஏலச்சீட்டு நடத்தப் போயிட்டாரு. பள்ளிக்கூடத்துக்குள்ள ரெண்டும் ஒரே பெஞ்சுல உக்காந்தாப் போயி இழுத்துட்டா வர முடியும்? அந்தப் பிரமிளா டீச்சரே வகுப்பு முடிஞ்சு ரெண்டையும் வெச்சுக்கிட்டுச் சொல்லிக் குடுத்துதாம். எல்லாம் ஒரே கட்சி. கடைசில பன்னெண்டாவது பொதுப் பரிச்சையில எம் புள்ளை ரொம்ப நல்ல மார்க்கு. நான் ஆணி அடிச்ச ஜன்னலுக்குப் பலன் கொஞ்சம் தள்ளிக் கெடைச்சுது, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் இஞ்சினியரிங் சேக்கோணும்னு நான் கோயமுத்தூருக்கும் ஈரோட்டுக்கும் அலைஞ்சு காலேஜ் பாத்து வெச்சேன். அவ என்ன பண்ணினா தெரியுங்களா? இயற்பியல். பி.எஸ்சி. எந்தப் பொஸ்தகம் எங்கூட்டைக் கெடுத்துச்சோ, அதையே எடுத்துப் படிக்கறாளாம். என்னைக் கேக்கவே இல்ல. அப்பங்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டா. அவரும் போட்டுக் குடுத்துட்டு, "அவளுக்குப் புடிச்சிருக்குது, உடு"ங்கறாரு. புடிச்சிருக்குதுன்னு இந்த வயசுல எதைச் சொல்லாதுங்க?

அதோட முடிஞ்சுதுன்னா உட்டுருவேன். போன மாசம் ஒரு கல்யாணத்துல எம் பக்கத்துல உக்காந்த ஒறம்பரைக்காரி, தூரத்துச் சொந்தம், சொல்றா, "உங்க ரெண்டு ஊட்டுப் புள்ளைகளும் ஹாஸ்டல்ல ஒரே ரூமாமே, கேக்கவே சந்தோசமா இருக்குது"ன்னு. எலையில கை வெச்சவ அப்படியே உக்காந்துட்டேன். அதே காலேஜ். அதே இயற்பியல். அதே ரூம். ஊருக்கே தெரியுது, எனக்குத் தெரியல. எதிர்ல பந்தியில ரேணுகா உக்காந்திருக்கறா. என்னைப் பாத்து லேசா சிரிக்கறா. சிரிச்சாளோ, சிரிக்கற மாதிரி இருந்துச்சோ, எனக்கு அதுக்கு மேல எலையில என்ன வெச்சாங்கன்னே தெரியாது.

அதான் இப்பக் கோயமுத்தூருக்குப் போய்க்கிட்டு இருக்கறேன். இன்னிக்கு ஞாயித்துக்கெழமை, ஹாஸ்டல்ல பாக்க உடுவாங்க. நேரா வார்டன்கிட்டப் போறேன். எம் புள்ளையை வேற ரூமுக்கு மாத்துங்க, இல்லாட்டி அவளை மாத்துங்கன்னு சொல்றேன். மாத்தலைன்னா காலேஜ் முதல்வர்கிட்டப் போறேன். எள்ளுருண்டை புடிச்சு எடுத்துட்டுப் போறேன். அவளுக்குக் குடுக்காதே, நீ மட்டும் தின்னுன்னு சொல்லித்தான் குடுக்கோணும். இந்தப் புள்ளை எதுன்னாலும் பங்கு வெச்சுரும்.

சூலூரு வந்துருச்சுங்களா? அதுக்குள்ளயா?

ஏனுங்க, ஒரு உதவி. உங்க போனைக் கொஞ்சம் குடுக்கறீங்களா? வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லிரலாம். என்ற போன்ல பைசா இருக்குதுங்க. ஆனா என்ற நம்பர்னா எடுக்கறதில்ல. க்ளாஸ்ல இருப்பா. எப்பக் கூப்பிட்டாலும் க்ளாஸ்லதான் இருக்கறா. ஞாயித்துக்கெழமையும் ஏதோ க்ளாஸ் வெக்கறாங்களாட்ட இருக்குது அந்தக் காலேஜ்ல. நம்பர் எனக்கு மனப்பாடமுங்க, நீங்க போட்டுக் குடுத்தாப் போதும்.

அடிக்குதுங்க.

ஹலோ. ஹலோ, நிவே? கண்ணு, அம்மா... யாரு? ஓ. நீயா. ஆமா, நாந்தான். வேற ஒருத்தரு போன். ஆமா, பஸ்லதான். சூலூரு. இல்ல, வேண்டாம். நீ ஒண்ணும் வர வேண்டாம், எனக்கு வழி தெரியும். சாப்பிட்டேன். சாப்பிட்டேங்கறேன். போனை அவகிட்டக் குடு. ஏன்? பக்கத்துலதானே இருக்கறா? அவ இருமறது எனக்குக் கேக்குது. சளி புடிச்சிருக்குதா அவளுக்கு? எத்தனை நாளா? மாத்திரை போட்டாளா? நீ குடுத்தியா? ம். செரி. செரி, வையி.

கேட்டீங்களா? பாத்தீங்களா நீங்களே? பெத்த தாய் கூப்பிட்டா எம் புள்ளையோட போனை அவ எடுக்கறா. சிங்காநல்லூரு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிக்கறாளாம். "வெயில்ல நடக்க வேண்டாஞ் சித்தி, நான் வந்து கூட்டிட்டு வர்றேன், நிவேகிட்ட நான் பேசி வெக்கறேன் சித்தி, நீங்க கண்டிப்பா வாங்க"ங்கறா. எனக்கும் எம் புள்ளைக்கும் நடுவுல பேசி வெக்கறதுக்கு இவ யாருங்க? எத்தனை திமிரு இருந்தாச் சித்தி சித்தின்னு வாய் நெறையக் கூப்பிடுவா? எல்லாம் அவ ஆத்தா சொல்லிக் குடுத்து அனுப்பிச்சது.

இருமல் கெட்டியா இருக்குதுங்க. நெஞ்சுல இருந்து வருது. சின்னதுல இருந்தே அவளுக்குப் பனி ஆகாது.

இன்னொருக்காப் போட்டுப் பாக்கட்டுங்களா? ஒரே ஒருக்கா.

வேண்டாம், உடுங்க. இந்தாங்க உங்க போன். இப்ப இந்த நம்பரும் அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு.